பாதி பில்ல யாரு வெட்டுனது?

கேள்வி: சார், போன மாசம் அப்பாவுக்குப் பித்தப்பைல கல்லுன்னு ஆபரேஷன் பண்ணுனோம். 3 லட்சத்துக்கு பாலிசி இருக்கு, அஞ்சு வருஷமா விடாம கட்டுறோம். பில்லு 1,90,000 வந்துச்சு, கம்பெனி குடுத்தது 95,000 தான். கேட்டா பெரிய ரூம் எடுத்துட்டீங்கங்கறாங்க. மீதிக்கு அம்மா வளையல் அடகுக்குப் போயிடுச்சு. நாலு நாள் ரூம் வாடகையே 24,000 தானே சார், அதுக்கு எப்படி 95,000 வெட்டுவாங்க?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்க அனுப்புன பில்லு காப்பி, செட்டில்மென்ட் லெட்டர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்மா. உங்க பாலிசில ரூம் வாடகை பாலிசித் தொகைல 1 சதவீதம்தான்னு ஒரு வரி இருக்கு, அதாவது ஒரு நாளைக்கு 3,000. நீங்க எடுத்தது 6,000 ரூம். இதுல என்ன வில்லங்கம்னா ரூம் வாடகை மட்டும் பாதியாகாது, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாம் கூடவே பாதியாகும். பெரிய ரூமுக்கு ஆஸ்பத்திரி எல்லாத்தையும் ஏத்திப் போடுது, அத நாங்க ஏன் தரணும்ங்கறது கம்பெனி வாதம். பாலிசி விக்கிறப்போ இந்த வரிய யாரும் வாய்விட்டுப் படிச்சுக் காட்ட மாட்டாங்க, அது வேற விஷயம்.

ஆனா உங்க கம்பெனி இதையும் தாண்டிப் போயிருக்கு. மருந்து, ஸ்கேன், ரத்த டெஸ்ட் 46,000 இருக்கு பாருங்க, அதையும் பாதியாக்கிட்டாங்க. அப்படிப் பண்ணக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2020லயே சொல்லிடுச்சு. மருந்து, டெஸ்ட், உடம்புக்குள்ள வைக்கிற ஸ்டென்ட் மாதிரி சாமான், ஐசியூ சார்ஜ் இதுல எதுலயும் இந்த விகிதக் கழிவு கிடையாது. அப்போ ரூமுக்கு 12,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,20,000ல பாதி 60,000, மருந்தும் டெஸ்ட்டும் முழுசா 46,000, மொத்தம் 1,18,000 வரணும். 23,000 பாக்கி நிக்குது.

இன்னொன்னு, ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டர்ல போய், ரூம் மாறுனா டாக்டர் ஃபீஸும் தியேட்டர் சார்ஜும் மாறுமான்னு கேளுங்க. மாறாதுன்னா அத லெட்டர்பேடுல எழுதி வாங்கிடுங்க, அப்போ அந்த 1,20,000லயும் கை வைக்க முடியாது. அப்படி ஆச்சுன்னா உங்களுக்கு வரவேண்டியது 1,78,000.

கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்தக் கணக்க அப்படியே எழுதி மெயில் போடுங்க, ஏஜென்ட்கிட்ட வாயால சொல்லிட்டு உக்காந்திருக்காதீங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ, சென்னை தேனாம்பேட்டைல இந்த மாதிரி புகார விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு, அங்க மனு போடலாம். வக்கீல் வேண்டாம், ஃபீஸ் இல்ல, ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போடணும். அடகுச் சீட்டு வட்டி ஓடிட்டு இருக்கு, அதனால இந்த வாரமே மெயில் போயிடட்டும்.

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் சுகர், பிபி மாத்திரைக்கே மாசம் 2,600 ஆகுது. இன்சூரன்ஸ்ல இதெல்லாம் வராதாம். அப்புறம் எதுக்குத்தான் அது?
- ரிட்டயர்டு மில் தொழிலாளி, ராஜபாளையம்

பதில்: அட்மிட் ஆனாத்தான் காசுங்கறதுதான் பெரும்பாலான பாலிசியோட லட்சணம் அய்யா. முதல்வர் காப்பீட்டுத் திட்டம்கூட, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் தருது, ஆனா அதுவும் வீட்டு மாத்திரைக்கு இல்ல. நீங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சிடுங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் மூலமா சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வரும், காசு கிடையாது. அங்க கிடைக்காத மாத்திரைக்கு மட்டும், கம்மி விலைல ஜெனரிக் மருந்து விக்கிற முதல்வர் மருந்தகம் பாருங்க. போறப்போ பிராண்டு பேர சொல்லாதீங்க, அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல ஒரு மருந்துப் பேர் இருக்கும்ல, டாக்டர்கிட்ட அத எழுதி வாங்கிட்டுப் போங்க.