வீடு வடிவமைக்கும் ஆர்க்கிடெக்டுகள் சுற்றுச்சூழலுக்கு ஆகும் செலவை யோசிப்பதே இல்லையா?

நீங்கள் வீடு கட்ட ஆரம்பித்து, கையில் வந்த பிளானைப் பார்த்துக் கடுப்பாகித்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கடலூரில் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். எல்லோரையும் பற்றி எனக்குத் தெரியாது. நான் யோசிக்கவில்லை.

2013. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வீடு. திண்ணை, நடுவில் முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம். 2011-ல் அடித்த 'தானே' புயலுக்கு அப்புறம் ஒரு மூலை ஒழுகியது, அவ்வளவுதான். "இடிச்சிடலாமா சார்?" என்றார் வீட்டுக்காரர். நாலு கட்டையை மாற்றினால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரிப்பேருக்கு என்ன ஃபீஸ் வரும்? எங்கள் ஃபீஸ் மொத்த எஸ்டிமேட்டில் சதவீதம். "இடிச்சிடலாம் சார்" என்றேன்.

ஜேசிபிக்கு இரண்டு நாள் வேலை. எஸ்டிமேட்டில் "பழைய கட்டடம் இடித்து அகற்ற" என்று ஒரே வரி. எங்கே அகற்ற? டிப்பர் டிரைவரிடம் நான் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஊருக்கு வெளியே ஒரு வாய்க்கால் ஓரத்தில் பைக்கை நிறுத்தினால், அந்த வீட்டுக் கூடத்துத் தரை கிடக்கிறது. ரெட் ஆக்சைடு, ஓரத்தில் கறுப்புப் பட்டை. 2015 மழையில் அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். என் இருபது லோடு ரப்பீஷால்தான் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அந்த வருடம் கடலூரே மிதந்தது. இடிபாட்டுக் கழிவுக்கென்று தனி விதிகள் வந்ததே 2016-ல்தான்.

புது வீடு மேற்குப் பார்த்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தேன். எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றம், கெடும் என்று சன்ஷேடுகூட இல்லை. நாலு ஏசி. மே மாதம் வந்தால் கரண்ட் பில்லோடு வீட்டுக்காரர் போன் செய்வார்.

இத்தனைக்கும் காலேஜில் புதுச்சேரி கோல்கொண்டாவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1930களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த ஆசிரம விடுதி. கான்கிரீட்தான், ஆனால் வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகைகள். ஏசி கிடையாது. அந்தப் பலகைகளை அளந்து வரைந்து மார்க் வாங்கியவன், இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி வந்து இதைச் செய்தேன்.

சிமெண்ட் கதை தனி. அதைச் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும். ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லிலிருந்தே 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அடுப்புப் புகை அதற்கு மேல். பழைய சுண்ணாம்பும் சுட்டதுதானே என்பீர்கள். ஆமாம், ஆனால் அது இறுகும்போது பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும்.

சொல்பேச்சுக் கேட்கவும் ஆள் வேண்டுமே! வாஸ்துக்காரர் சொன்னால் கட்டிய படிக்கட்டையே இடிப்பார்கள். நான் மேற்கு ஜன்னலைச் சின்னதாக்கலாம் என்றால் முகம் சுண்டிப்போகும். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். வாஸ்துக்காரருக்குத் தாம்பூலத்தில் பணம் வைத்துவிட்டு என்னிடம், "நம்ம பையன்தானே, சும்மா ஒரு பிளான் போட்டுக் குடுப்பா." சரி, அதை விடுங்கள்.

இப்போது என் எஸ்டிமேட்டில் ரப்பீஷ் எங்கே போகும், அதற்கு எவ்வளவு என்று தனி வரி எழுதுகிறேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு இதுவரை இரண்டு பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.