தூண்டில் ரீலில் 'டிராக்' எதற்கு? எவ்வளவு இறுக்க வேண்டும்?

டிராக் என்பது ரீலுக்குள் இருக்கும் பிரேக். மீன் ஓரளவுக்கு மேல் இழுத்தால், நரம்பு (தூண்டில் நூல்) அறுந்துபோகாமல், அது சுற்றியிருக்கும் ஸ்பூல் வழுக்கிச் சுற்றி நரம்பை வெளியே விடும். காற்றாடி விடும்போது பலத்த காற்று இழுத்தால் நூலை விரலிடையே நழுவ விடுவோமே, அதே வேலைதான்.

பொதுவாக நரம்பின் தாங்குதிறனில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பார்கள். 15 கிலோ நரம்பு என்றால் 4 முதல் 5 கிலோ. கைத்தராசில் நரம்பின் நுனியைக் கட்டி இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முழு பலத்துக்கும் ஏன் வைப்பதில்லை? முடிச்சு போட்ட இடம் பலவீனமானது. அப்புறம், நரம்பு வெளியேற வெளியேற ஸ்பூலில் சுற்றின் விட்டம் சுருங்கும். அது பாதியானால், நீங்கள் தொடாமலேயே டிராக்கின் இழுப்பு இரண்டு மடங்காகிவிடும். பலருக்குப் பெரிய மீன் கடைசியில் அறுத்துக்கொண்டு போவது இதனால்தான்.

மீனைப் பொறுத்தும் மாறும். வஞ்சிரம் திறந்த கடலில் நேராகப் பாயும். சற்றுத் தளர்த்தி ஓடவிடலாம். பெரிய பாரை பவளப்பாறைக்குள் நுழையப் பார்க்கும், அங்கே தடித்த நரம்பும் இறுக்கமான டிராக்கும் இல்லாமல் முடியாது.

டிராக் வழுக்கி நரம்பு வெளியே ஓடும்போதும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் மீன் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறார்கள்; ஸ்பின்னிங் ரீலில் (கைப்பிடியைச் சுற்றும்போது ஸ்பூல் சுற்றாமல், ஒரு கம்பி அதைச் சுற்றிவந்து நரம்பைச் சுற்றும் வகை) அப்படிச் சுற்றினால் மீன் ஓரடிகூட நெருங்காது, நரம்புதான் முறுக்கிக்கொள்ளும்.