தொட்டிலின் பக்கம் சரிகிறது, கடைக்காரர் கைவிரிக்கிறார்

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு இன்று 29 நாள். பிறக்கும் முன் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது என் மாமியாரின் கண்டிப்பு. அதனால் பெயர் சூட்டுவதற்கு முதல் நாள்தான் அவசரமாகக் கடைக்குப் போனோம். தாயின் கட்டிலோடு ஒட்டி நிற்கும், பிறகு பக்கத்தை ஏற்றினால் தனித் தொட்டிலாகும், வளர்ந்ததும் சிறு கட்டிலாகவும் மாறும் என்று சொல்லி ரூ.18,500க்கு ஒரு தொட்டிலை விற்றார்கள். ‘எந்தக் கட்டிலுக்கும் பொருந்தும்’ என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டில் பூட்டிப் பார்த்தால் எங்கள் தேக்குக் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே என் நான்கு விரல் நுழைகிற இடைவெளி. கட்டிலோடு இறுக்கும் பெல்ட் இரண்டு என்று குறிப்புத்தாளில் இருக்கிறது, பெட்டியில் ஒன்றுதான். பக்கத் தடுப்பை ஏற்றிப் பூட்டினால் ‘டக்’ என்ற சத்தம் வருகிறது. உள்ளங்கையால் அழுத்தினால் ஒரு முனை இறங்கிவிடுகிறது. இப்போதைக்கு என் கணவர் கொடிக்கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். கடையில் கேட்டால், “விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, உங்கள் கட்டில்தான் சரியில்லை” என்கிறார்கள். கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட சீட்டு மட்டுமே. மாப்பிள்ளையோ பல லட்சம் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறார். என்ன செய்வது? அதுவரை குழந்தையை எங்கே தூங்க வைப்பது? மாமியார் தூளி என்கிறார், மகள் தன் பக்கத்தில் என்கிறாள். பெட்டி வேறு பால்கனியை அடைக்கிறது, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா?

பதில்: அம்மா, சட்டத்துக்குப் போகும் முன் அந்தக் கொடிக்கயிற்றை இன்றே அவிழ்த்துவிடுங்கள். கடையோடு தகராறு தீரும்வரை குழந்தையை அதில் படுக்க வைக்க வேண்டாம். கயிறு இடைவெளியை மூடுவதில்லை; மறைக்கத்தான் செய்கிறது. இரவில் அது தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. பச்சிளங்குழந்தையின் கை எட்டும் இடத்தில் கயிறு தொங்குவதே தனி ஆபத்து. இது பாட்டிக்குச் சொல்கிற காரணம். வழக்கறிஞராகச் சொல்ல இன்னொன்று உண்டு. பொருளை வாங்கியவரே மாற்றியமைத்திருந்தால், அதனால் பின்னர் நேரும் காயத்துக்கு விற்றவர் மேல் பொறுப்பு சுமத்த முடியாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87. உங்கள் கணவர் நல்ல மனதோடு போட்ட முடிச்சு, நாளைக்குக் கடைக்காரரின் முதல் ஆயுதமாகிவிடும். அவிழ்ப்பதற்கு முன் அதையும் ஒரு படம் எடுத்து, ஏன் கட்டினீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். மறைத்ததாகப் பேச்சு வரக் கூடாது.

இனி, “ஒன்றும் ஆகவில்லையே” என்ற வாதம். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏதாவது ஆன பிறகு வா என்பதுதானே இதன் பொருள்? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ‘குறைபாடு’ என்பதற்குப் பிரிவு 2(10) தரும் விளக்கத்தில் காயம் என்ற பேச்சே கிடையாது. தரத்திலோ அளவிலோ, சட்டமோ ஒப்பந்தமோ எதிர்பார்க்கும் நிலையிலோ குறை இருந்தால் போதும். அதோடு நிற்காமல், வியாபாரி ‘எந்த வகையில் சொல்லியிருந்தாலும்’ அந்தச் சொல்லுக்குக் குறைவாகப் பொருள் இருந்தாலும் குறைபாடே என்கிறது. உங்கள் புகாரை இதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு பெல்ட்டுக்கு ஒன்று வந்தது அளவுக் குறை. பூட்டியும் நிற்காத தடுப்பு தரக் குறை. நான்கு விரல் இடைவெளி, பெட்டியின் மேல் அச்சடித்த வாக்குக்கு வந்த குறை. இதில் கனமானது தடுப்புதான். பெல்ட்டைக்கூடக் கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் மாப்பிள்ளையின் கணக்கில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. அவர் படித்தது அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயமாக இருக்க வேண்டும். ‘பொருள் பொறுப்பு’ பற்றியது. குறையுள்ள பொருளால் உடலுக்கோ, வேறு உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரும் விற்றவரும் ஈடு தர வேண்டும் என்பது அதன் சாரம். அங்கே ‘தீங்கு’ என்ற சொல்லுக்கு வேலி போட்டிருக்கிறார்கள்: பொருளுக்கே வந்த சேதம் அதில் சேராது, மன உளைச்சலும் காயத்தையோ உடைமைச் சேதத்தையோ ஒட்டி வந்தால்தான் சேரும். உங்கள் பேரக்குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அதனால் அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. இல்லாமல் போனதற்கு மகிழ்ச்சியடையுங்கள். உங்களுடையது குறைபாடுள்ள பொருள், நேர்மையற்ற வணிகம் என்ற இரண்டு கால்களில் நிற்கும் சாதாரண நுகர்வோர் புகார். சாதாரணம் என்பதால் பலவீனம் இல்லை.

நேர்மையற்ற வணிகம் எங்கே வந்தது என்றால், இரண்டு இடங்களில். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று கடைச் சுவரில் எழுதிவைத்தால் அது சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுக்க மறுப்பதையே பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதற்கான கெடு பில்லில் குறித்த காலம். குறிக்காவிட்டால் 30 நாள். மனம் மாறித் திருப்பித் தருவது வேறு, குறையோடு திருப்பித் தருவது வேறு. நிறம் பிடிக்கவில்லை என்று போயிருந்தால் கடைக்காரர் பக்கம் பேச இடமுண்டு. இரண்டாவது இடம் அந்தச் சீட்டு. விற்ற பொருளுக்கு பில் தராமலிருப்பதும் அதே பிரிவில் வருகிறது. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்டுத் தொகையும் வாங்கிக்கொண்டு அனுப்புவது நம் ஊர்க் கடைகளுக்குப் பழகிப்போன வித்தை. வரி மிச்சமாகும் என்று வாங்குகிறவரும் தலையாட்டிவிடுகிறார். அதற்காக நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. பணம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. யுபிஐயிலோ கார்டிலோ கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கில் கடையின் பெயரும் தேதியும் தொகையும் இருக்கும். சீட்டில் அதே தொகை இருந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, தொட்டிலைக் கொண்டுவந்து இறக்கியவரின் அழைப்பு என்று எது இருந்தாலும் தொலைபேசியிலிருந்து அழிக்காதீர்கள்.

குழந்தைக்கு 10 நாளாகும்போது வாங்கினீர்கள் என்றால் 19 நாள் ஓடிவிட்டது. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும் அந்த 30 நாளுக்குள் உங்கள் கோரிக்கை எழுத்தில் கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பது நல்லது. இதுவரை நேரிலும் போனிலும் பேசியது பேச்சுதான்.

அடுத்தது உங்கள் வழக்கின் மெலிந்த பகுதி. கட்டில் சரியில்லை என்று கடைக்காரர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். நம் வீட்டுத் தேக்குக் கட்டில்களில் பக்கச் சட்டம் உயர்ந்து நிற்கும். மெத்தை அதற்குள் அமிழ்ந்திருக்கும். ஒட்டுத் தொட்டில்களில் பலவும் மெத்தை விளிம்பு வரை வரும் தட்டையான கட்டிலை மனதில் வைத்துச் செய்தவை. அந்த மரச் சட்டம் நடுவில் நின்றால் இரண்டு மெத்தையும் சேரவே சேராது. இதற்குக் கடையைக் குற்றம் சொல்ல முடியுமா? உங்கள் வழக்கில் முடியும் என்பேன். பெட்டியில் ‘எந்தக் கட்டிலுக்கும்’ என்று அச்சடித்தது அவர்கள் தரப்பு. விற்பனையாளரிடம் கட்டிலைப் பற்றிச் சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கியிருந்தால் பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16-ம் துணைக்கு வரும்: நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்த நோக்கத்துக்கு உதவ வேண்டும். இரண்டும் இல்லாமல், அளவும் பார்க்காமல் வாங்கியவர் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் இடைவெளி பற்றி வாய் திறக்க வேண்டாம், தடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

சாட்சியத்தை உங்கள் வீட்டு அறையிலேயே தயார் செய்யலாம். பகல் வெளிச்சத்தில், தொட்டில் காலியாக இருக்கும்போது, ஒரே தொடர்ச்சியான வீடியோ எடுங்கள். தடுப்பை ஏற்றுவது, ‘டக்’ சத்தம், உள்ளங்கை அழுத்தம், முனை இறங்குவது எல்லாம் வெட்டு இல்லாமல் வர வேண்டும். மூன்று முறை செய்து காட்டுங்கள். இடைவெளியில் விரல் வைத்துக் காட்டுவதைவிட ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். விரல் ஆளுக்கு ஆள் வேறு, சென்டிமீட்டர் ஒன்றுதான். பெட்டியின் ஸ்டிக்கரையும் எடுங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அதைப் புகாரில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். யாரை இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பதும் அந்த ஸ்டிக்கரில்தான் இருக்கிறது.

பக்கம் இறங்குவது அற்ப விஷயம் என்று வாதிட்டால் சொல்ல ஒரு தகவல். பக்கச் சட்டம் ஏறி இறங்கும் பெரிய தொட்டில்களின் தயாரிப்பையும் விற்பனையையும் அமெரிக்காவில் 2011 ஜூனிலிருந்து தடை செய்துவிட்டார்கள். அந்தப் பக்கச் சட்டம் கழன்று சரிந்து, அந்தச் சந்தில் குழந்தைகள் சிக்கி இறந்ததே காரணம். தாயின் கட்டிலோடு ஒட்டும் வகைக்கு அங்கே தனிப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. ஐரோப்பாவில் இஎன் 1130 என்ற தரம். அந்த நாட்டு விதி நம் கடையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இறங்கும் தடுப்பும் இடைவெளியும் உலகம் அறிந்த ஆபத்துகள் என்பதை, வழக்கு போனால் விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு உணர்த்த இவை உதவும். உங்கள் பெட்டியில் அப்படி ஏதாவது தர எண் அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. அதுவும் வியாபாரி சொன்ன சொல்தான்.

இப்போது கடிதம். ஒரு பக்கம் போதும். வாங்கிய தேதி, தொகை, மூன்று குறைகள், பணத்தைத் திருப்பித் தந்து தொட்டிலை எடுத்துச் செல்ல 15 நாள் கெடு. கடைக்கும் இறக்குமதியாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். செலவில்லாத வழி, கடைகள் சில சமயம் அங்கேயே இறங்கி வந்துவிடும். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன், 18,500 ரூபாய்க்கு நீங்களே வாதாடலாம். பணம் கொடுத்தவர் பெயரில் போடுவது எளிது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்பதால் மகள் பெயரிலும் போடலாம்.

சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் சோதனை தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். கேட்க வேண்டியது விலை, அதற்கு வட்டி, வழக்குச் செலவு, அலைச்சலுக்கும் உளைச்சலுக்கும் நியாயமான ஒரு தொகை. லட்சங்களை எழுதினால் உங்கள் மேல் இருக்கும் அனுதாபம்தான் குறையும். ஒன்றை மட்டும் கட்டாயம் சேருங்கள்: ஆபத்தான இந்த வகைப் பொருளை விற்பனையிலிருந்து விலக்க உத்தரவிட வேண்டும் என்ற வேண்டுகோள். பிரிவு 39 அதற்கு இடம் தருகிறது. மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ தனியாக ஒரு மனு அனுப்பினால், பிரிவு 20-ன்படி அந்த வகைப் பொருளையே சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய ஆணையத்துக்கு இருக்கிறது. அதே தொட்டில் இன்னும் எத்தனை வீட்டில் கயிற்றால் கட்டிக் கிடக்கிறதோ.

கடிதம் போனதும் கடைக்காரர் வேறு தொட்டில் தருகிறேன் என்று வரலாம். கடையிலேயே பிரித்துப் பூட்டி, தடுப்பை அழுத்திப் பார்த்துத் திருப்தியானால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சடித்த தாளை நீட்டினால் மாற்றுப் பொருள் வீட்டில் நிலையாக நின்ற பிறகே கையெழுத்து. புதிதாக வாங்கப் போகிறவர்களும் கட்டிலின் உயரத்தை, தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை, அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்த உயரத்துக்குப் பொருந்தும் என்று பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். ஒட்டுத் தொட்டிலாக எந்த வயது வரை என்பதையும் பாருங்கள். குழந்தை கையூன்றி எழத் தொடங்கும் காலத்தில் திறந்த பக்கம் ஆகாது.

அதுவரை குழந்தை எங்கே தூங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாமியார் தூளி என்கிறார், மகள் தன் பக்கத்தில் என்கிறாள். இதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். தாயின் அறையிலேயே, ஆனால் தனியான, கெட்டியான, சமதளப் படுக்கையில், மல்லாந்து, தலையணை இல்லாமல் என்று அவர் சொல்லக்கூடும்.

பெட்டி பால்கனியை அடைக்கிறது, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். வேண்டாம், அம்மா. ‘எந்தக் கட்டிலுக்கும் பொருந்தும்’ என்ற எழுத்து அதன் மேல்தான் இருக்கிறது. மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து உள்ளே எடுத்து வையுங்கள்.