தோளோடு தோள் மோதினால் ஃபவுலா?

கொழிஞ்சாம்பாறை செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) உங்கள் டிஃபெண்டர் தோளால் இடித்ததற்கு விசில், எதிரணி அதையே செய்தபோது விசிலே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கோபம் நியாயம்தாங்க. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் டிஃபென்ஸ் ஆடியவன் நான், எனக்கும் நடந்திருக்கிறது.

சரி, கால்பந்து விதிகளில் ஃபவுல் பற்றிய 12-ஆம் விதியைப் பாருங்கள். பந்து எட்டும் தூரத்தில் இருக்கும்போது, கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தோளால் மோதலாம். அதே மோதல் கவனக்குறைவாக இருந்தால் ஃப்ரீ கிக், எதிராளிக்கு ஆபத்து என்பதைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள் அட்டை, அளவுக்கு மீறிய பலம் என்றால் சிவப்பு. எது எந்த ரகம் என்று நடுவர் முடிவு செய்வது அந்த நொடியில் அவர் நின்ற கோணத்தையும் பொறுத்தது. அங்கேதான் இந்த வித்தியாசம் வருகிறது.

அடுத்த முறை ஆட்டத்துக்கு முன்பே கேப்டன் மட்டும் போய், "தோள் இடியை எதுவரைக்கும் விடுவீங்க?" என்று கேட்கட்டும். எல்லோரும் சூழ்ந்து கத்தினால் அதற்கே அட்டை வரும். அப்புறம், உங்கள் டிஃபெண்டரின் முழங்கை வெளியே வருகிறதா என்று வீடியோ எடுத்துப் பாருங்கள்.