இரண்டு நாள் யாருக்குப் போதும்?

கேள்வி: பத்து வருடங்களாக ஆர்க்கெஸ்ட்ராவில் டபுள் பேஸ் (வயலின் போன்ற, ஆள் உயரத் தாழ்சுருதிக் கருவி) வாசிக்கிறேன். எட்டு மாதம் கழித்து என் முதல் தனிக் கச்சேரி, ஒரு மணி நேரம். டிராகொனெட்டியின் கான்செர்டோ, ஷூபர்ட்டின் அர்பெஜோனே சொனாட்டா, கூசெவிட்ஸ்கியின் கான்செர்டோ, கடைசியாக பொட்டேசினியின் இரண்டாவது கான்செர்டோ என்று யோசித்து வைத்திருக்கிறேன். பியானோவுக்குப் பிரச்சினை இல்லை, அக்கா வாசிப்பாள். படுக்கையில் இருக்கும் அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்பதால் ஒத்திகைக்கு நேரம் கிடைக்காது. ஆனால் நோட்டைப் பார்த்ததுமே வாசித்துவிடுவாள், கடைசி இரண்டு நாள் போதும். என் கவலை வேறு. இந்த வரிசை சரியா? பேஸை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யாராவது கேட்பார்களா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பேஸ் வாசிப்பவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் முக்கால்வாசி இந்த வரியில்தான் வந்து முடிகின்றன. பொட்டேசினி (1821–1889) மூன்றே தந்திகள் கொண்ட பேஸோடு ஊர் ஊராகப் போய் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நன்றாக வாசித்தால் கேட்பார்கள். இல்லாவிட்டால் எழுந்து போவார்கள். வயலின்காரருக்கும் இதே கதிதான்.

நான் நின்றுபோன இடம் "கடைசி இரண்டு நாள் போதும்" என்ற வரி. யாருக்குப் போதும்? அக்காவிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள், தம்பி. தனிக் கச்சேரி என்கிறீர்கள். அதில் நீங்கள் தனியாக வாசிக்கும் உருப்படி ஒன்றுகூட இல்லை. நான்குக்கும் பியானோ வேண்டும். அதிலும் மூன்று, ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிப்பதற்கென்று எழுதிய கான்செர்டோக்கள். ஓர் ஆர்க்கெஸ்ட்ராவே வாசிக்க வேண்டியதைப் பத்து விரலுக்குள் அடைத்து எழுதிய பக்கங்கள் அவை. பியானோவுக்கென்று யோசித்து எழுதியவை அல்ல, கைக்கும் வசதியாக இருக்காது, காதுக்கும் அவ்வளவு இனிக்காது. ஆர்க்கெஸ்ட்ரா தேர்வு அறைக்குச் சரி, மேடையில் மூன்றை அடுக்கினால் கச்சேரி பரீட்சை மாதிரி ஆகிவிடும். நான்கும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் அடங்காது என்பது வேறு விஷயம். இத்தனையையும் அப்பாவுக்கு மருந்து கொடுத்த கையோடு வந்து உட்கார்ந்து, இரண்டு நாளில், உங்கள் அக்கா தூக்கி நிறுத்த வேண்டும். அப்படித்தானே?

சுருதி விஷயத்தை யோசித்தீர்களா? பேஸில் தனி வாசிப்புக்கென்று தந்திகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் இ-ஏ-டி-ஜி. தனி வாசிப்பில் எஃப் ஷார்ப்-பி-இ-ஏ. உங்கள் பக்கத்தில் எழுதியிருப்பது மாறாது, விரல் அதே இடத்தில்தான் விழும், ஒலி மட்டும் ஏறும். ஆனால் பியானோவின் பக்கம் மாறியாக வேண்டும். பொட்டேசினியின் இரண்டாவது கான்செர்டோவை ஆர்க்கெஸ்ட்ரா சுருதியில் வாசித்தால் ஏ மைனர், ஏற்றிக் கட்டினால் பி மைனர். அக்காவிடம் எந்தப் பிரதியைக் கொடுத்திருக்கிறீர்கள்? ஏற்றிய தந்தியா இறக்கிய தந்தியா என்று கடிதத்தில் நீங்களே எழுதவில்லை. நடுவில் தந்தியை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். புதிதாக இழுத்த தந்தி சுருதியில் நிற்காமல் மேடையிலேயே மானத்தை வாங்கும். மாலை முழுக்க ஒரே சுருதி என்று இப்போதே தீர்மானித்து, அதற்கேற்ற பியானோ பிரதிகளை வாங்கிக் கொடுங்கள்.

அர்பெஜோனே சொனாட்டாவுக்கு வருகிறேன். 1824-இல் ஷூபர்ட் அதை எழுதியது, கிடார் போல ஆறு தந்தியும் மெட்டுகளும் வைத்து வில்லால் வாசித்த ஒரு கருவிக்கு. அந்தக் கருவி சீக்கிரமே வழக்கொழிந்தது, சொனாட்டாவை செல்லோக்காரர்களும் வியோலாக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். பேஸில் அதே பாட்டு ஓர் ஆக்டேவ் (எட்டு ஸ்வர அளவு) கீழே இறங்கினால் என்ன ஆகும்? மெலடிக்கு அடியில் இருக்க வேண்டிய பியானோவின் இடது கை, பல இடங்களில் மெலடியின் மேலேயே வந்து உட்காரும். எல்லாம் கலங்கிவிடும். நீங்கள் கட்டை விரலால் தந்தியை அழுத்தி மேல் ஸ்வரங்களிலேயே நின்று வாசித்தால் பாதி சரியாகும். மீதிப் பாதி பியானோக்காரர் கையில் இருக்கிறது. இடது கையை எங்கே மெலிதாக்குவது, பெடலை எங்கே எடுப்பது, உங்கள் வில் திரும்ப எவ்வளவு மூச்சு விடுவது என்றெல்லாம் இரண்டு பேர் வாரக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் பிடிபடும். நோட்டைப் பார்த்ததும் வாசிக்கும் திறமை நோட்டை வாசிக்க உதவும். உங்களைக் கேட்டு வாசிப்பது தனி வேலை.

இன்னொன்று. டிராகொனெட்டியின் (1763–1846) கான்செர்டோ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஏ மேஜர் கான்செர்டோ அவர் எழுதியதல்ல, எடுவார் நானி (1872–1942) எழுதியது என்றுதான் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அழைப்பிதழ் அச்சாகும் முன் திருத்துங்கள். ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் போவது உங்கள் வீட்டிலும் நடக்கிறது. இத்தனை பேரின் பெயரை எழுதிய நீங்கள் அக்காவின் பெயரை எழுதவில்லை.

நோட்டைப் பார்த்ததும் வாசிக்கும் அக்காவின் திறமை சும்மா வந்துவிடாது. உங்களைப் போலவே அவரும் வருடக்கணக்கில் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். இன்று அப்பாவின் கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் அது கிடக்கிறது. கச்சேரி வரும்போது மட்டும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள்.

பெற்றவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. வீட்டில் இருக்கிறார் என்பதற்காக ஒருவர் தலையில் அது முழுக்க விழக்கூடாது. மகளுக்கு அது இயல்பு, மகனுக்குக் கலை இருக்கிறது என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. "அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்பதை அவருக்கு நேரமில்லாததற்குக் காரணமாக எழுதினீர்கள். உங்களுக்கு நேரம் கிடைப்பதற்கும் அதுதானே காரணம்?

ஆகவே முதல் பயிற்சி பேஸில் இல்லை. வாரத்தில் மூன்று மாலை அப்பா உங்கள் பொறுப்பு. சாப்பாடு, மருந்து, திருப்பிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது, எல்லாம். அந்த மாலைகளில் அக்கா பியானோ பக்கமே போகாமல் தூங்கினாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அப்புறம் இந்தக் கச்சேரியில் வாசிக்க விருப்பமா என்று கேளுங்கள். சரி என்றால் பட்டியலை இரண்டு பேரும் சேர்ந்து போடுங்கள். அவர் பெயர் உங்கள் பெயர் அளவுக்கே அச்சாக வேண்டும், வரும் பணத்தில் அவருக்குப் பங்கு வேண்டும்.

என்ன வாசிக்கலாம் என்றால், எக்லஸின் ஜி மைனர் சொனாட்டாவில் தொடங்கலாம். வயலினுக்கு எழுதியதுதான், ஆனாலும் பேஸ்காரர்கள் அதை எப்போதோ சொந்தமாக்கிக்கொண்டார்கள். பியானோவுக்கும் பாரம் குறைவு. பிறகு மெய்யாகவே தனியாக ஏதாவது வாசியுங்கள். ஹான்ஸ் ஃபிரிபா தனி பேஸுக்குப் பழைய பாணியில் எழுதிய 'ஸ்வீட்' என்ற தொகுப்பிலிருந்து மூன்று பகுதிகள் போதும். பெரிய உருப்படி ஒன்றே ஒன்று. அர்பெஜோனேயா, 1949-இல் ஹிண்டமித் பேஸுக்கென்றே எழுதிய சொனாட்டாவா என்பதை அக்கா முடிவு செய்யட்டும். ஹிண்டமித்தில் பியானோவுக்குச் சம பங்கு, அதனால் அவர் அதைக் கேட்டாலும் ஆச்சரியமில்லை.

இடைவேளைக்குப் பிறகு, தைரியம் இருந்தால், டாம் ஜான்சன் 1975-இல் எழுதிய 'ஃபெயிலிங்'. வாசித்துக்கொண்டே உரக்கப் பேச வேண்டிய படைப்பு அது, கடினமாகிக்கொண்டே போகும், சபை சிரிக்கும். பியானோ கிடையாது, அக்கா அந்த நேரம் தண்ணீர் குடிக்கலாம். முடிவுக்குக் கூசெவிட்ஸ்கியின் 'ஷான்சோன் திரிஸ்த்', பொட்டேசினியின் எலிஜி, அவரது டாரன்டெல்லா என்ற வேக நடனம். கான்செர்டோ எதுவும் வேண்டாம். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தந்தியைக் கட்டை விரலால் அழுத்தி முக்கால் மணி நேரம் கடந்த கைக்கு டாரன்டெல்லாவே அதிகம்.

அக்கா முடியாது என்று சொல்லலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. அப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், காசு கொடுத்து வேறு பியானோ கலைஞரைப் பிடித்து, எட்டு ஒத்திகைக்காவது பேசிக்கொள்ளுங்கள். அப்பாவின் மூன்று மாலைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.