தாயக்கட்டம் செய்த பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட்டு எதற்கு?

"மேடம், நிலத்தை அடமானம் வெச்சாவது மேனேஜ்மென்ட் சீட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துடலாமா?" மகளின் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்கப் போன வாரம் வந்த அப்பா உட்காரும் முன்பே கேட்டார். பிளஸ் டூ படிக்கும் மகள் வாய் திறக்கவில்லை. "இவ என்னமோ கேம் செய்யணும்கிறா. பெரியப்பா வீட்ல சிரிக்கிறாங்க" என்றார் அம்மா.

அந்தப் பெண் பையிலிருந்து ஓர் அட்டைப் பலகையை எடுத்தாள். பார்வையில்லாத தம்பிக்காகச் செய்த தாயக்கட்டம். கோடுகளுக்குக் கயிறு, வெட்ட முடியாத மலைக் கட்டங்களுக்கு உப்புத்தாள், ஒவ்வொரு கட்டத்திலும் சின்னக் குழி. "தம்பி தடவிப் பார்க்கும்போது காய் நகர்ந்துடுது மேடம், அதான் குழி" என்றாள்.

அண்ணா, நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். விருப்பமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கினால் வட்டியை நீங்கள் கட்டுவீர்கள், அரியரை அவள் சுமப்பாள். சிரிக்கிற பெரியப்பா இரண்டிலும் பங்குக்கு வரமாட்டார்.

அவள் செய்தது வடிவமைப்பு வேலை. கண் பலகை முழுவதையும் ஒரே நொடியில் பார்த்துவிடும். விரல் ஒவ்வொரு கட்டமாகத்தான் படிக்கும். அதனால் தொட்டதும் திசை தெரிய ஒரு மூலையில் மட்டும் தனி அடையாளம் வேண்டும். சொரசொரப்பு வகைகள் கூடினால் விரல் குழம்பும். அடுத்த கட்டம் டிஜிட்டல்: குழிக்கு அடியில் ஒரு சென்சார், அதை இயக்க ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டு, சின்ன ஸ்பீக்கர், அதிர்வு மோட்டார். காயை வைத்ததும் பலகை கட்டத்தின் எண்ணைச் சொல்லும். வெட்டு விழுந்தால் அதிரும். எதைக் குரலில் சொல்வது, எதை அதிர்வுக்கு விடுவது என்று முடிவு செய்வதில்தான் திறமை இருக்கிறது. எல்லாவற்றையும் பேச வைத்தால் பிள்ளை பக்கத்தில் இருக்கும் நண்பனின் குரலைக் கேட்க முடியாது.

இதற்குப் படிப்பு பி.டெஸ்., அதாவது வடிவமைப்புப் பட்டப்படிப்பு. அதில் சேர ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்தப் பாடப்பிரிவு மாணவரும் எழுதலாம். கையால் வரையும் பகுதியும் உண்டு. விண்ணப்பம் அக்டோபரில் வரும், தேர்வு ஜனவரியில். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) தனித் தேர்வு வைக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் பணம் கொட்டித் தனியார் டிசைன் கல்லூரி வேண்டாம். அதுவும் அதே அடமானம்தான். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்து, இந்தப் பலகையை மேலும் வளர்க்கட்டும்.

தொடு விளையாட்டு மட்டும் செய்யும் கம்பெனிகள் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் செயலியையும் வங்கித் தளத்தையும் பார்வையற்றோர் பயன்படுத்தும்படி அமைக்கும் வேலைக்கு ஆள் தேவை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

பொண்ணே, உன் தம்பி உனக்காக நல்லா இருக்குன்னு சொல்லிடுவான். ஒரு பார்வையற்றோர் பள்ளியில் அனுமதி வாங்கி, உன்னைத் தெரியாத பிள்ளைகளிடம் பலகையைக் கொடு. நீ எதுவும் சொல்லாதே. அவர்கள் கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வா.