குழந்தை உளவியல் படிக்க நினைக்கும் மகளும் கவலைப்படும் பெற்றோரும்

குழந்தைகள் என்றால் உயிர், அதனால் குழந்தை உளவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள் உங்கள் பிளஸ் டூ மகள். இதில் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் ஒன்றை அவள் முன்பே தெரிந்துகொள்ளட்டும்: இந்தத் தொழிலில் பாதி நேரம் பெரியவர்களோடுதான் போகும். பேசத் தொடங்கியதும் அழுதுவிடும் அம்மா, எல்லாம் இவள் கொடுக்கிற செல்லம் என்று கை காட்டும் அப்பா, எங்கள் குடும்பத்தில் இப்படி யாருமே இல்லையே என்கிற பாட்டி. இவர்களிடம் பொறுமையாகப் பேச வராதவரால் பிள்ளைக்கு உதவ முடியாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் உளவியலரிடம் இருக்கும் பிள்ளை, மீதி நேரமெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும்தானே இருக்கிறது?

முதல் சந்திப்பில் பெரும்பாலும் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் வேலை. பிரசவம் எப்படி நடந்தது, பிறந்ததும் அழுததா, தலை நின்றது, நடந்தது, பேசியது எந்த மாதத்தில், வீடு மாறினீர்களா, பள்ளி மாறியதா, வீட்டில் சாவு, சண்டை ஏதும் உண்டா என்று எல்லாம் வரும். பேச்சு தாமதம் என்று வந்தால் காது கேட்கும் திறனை முதலில் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு ஆட்டிசம் என்று பெயர் வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பிள்ளையைக் கடைக்குப் போகலாம் என்று பொய் சொல்லி அழைத்து வந்தால், முதல் நாள் முழுக்க அந்தக் கோபத்தைத் தணிப்பதிலேயே போய்விடும். நல்ல உளவியலர் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிள்ளை எடுக்கிற பொம்மையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்வி பிள்ளையின் காதில் திட்டாகவே விழும். அதனால் என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்.

சோதனைகளும் உண்டு. அறிவு வளர்ச்சியைப் பார்க்கும் செகுவின் படிவப் பலகையில் பத்து மரத்துண்டுகள் இருக்கும். அவற்றை அவற்றுக்குரிய குழிகளில் பிள்ளை மூன்று முறை வேகமாகப் பொருத்த வேண்டும். மூன்றில் குறைந்த நேரமே கணக்கு. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. சதுரத்தை வட்டக் குழியில் திணித்துப் பார்க்கிறதா, தவறினால் அம்மா முகத்தைப் பார்க்கிறதா, இரண்டாம் முறை வேகம் கூடுகிறதா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். காய்ச்சலோடோ பசியோடோ வந்த பிள்ளைக்குச் சோதனை வைத்தால் மதிப்பெண் பொய் சொல்லும். யூகேஜி பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா பாருங்கள் என்று வரும் பெற்றோருக்கு, எட்டு வயது அல்லது மூன்றாம் வகுப்புக்கு முன்னால் அப்படி முடிவு சொல்ல முடியாது என்று விளக்குவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்பதற்கு, திங்கட்கிழமை காலையானால் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போக மறுக்கும் மூன்றாம் வகுப்புப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவர் உடம்பில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். வகுப்பில் யாரும் அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, வாசிக்கத் திணறுகிறானா என்பதை உளவியலர் முதலில் பார்ப்பார். அதைச் சரிசெய்யாமல் பிள்ளையைப் பள்ளிக்குத் தள்ளிவிடுவது கொடுமை. பிறகு ஒரு வாரத்துக்கு மூன்று விஷயங்களைப் பெற்றோர் எழுதிவர வேண்டும்: அழுகைக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள். வீட்டில் தங்கிய நாளில் டிவியும் போனும் கிடைத்தது அதில் தெரிந்துவிடும். பையன் நடிக்கவில்லை, பயம் நிஜம். வீட்டில் தங்கத் தங்க அந்தப் பயம் வளர்கிறது. எனவே முதலில் சீருடையோடு பள்ளி வாசல் வரை, அடுத்து ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு முழு நாள் என்று படிப்படியாக ஏற்றுவார்கள். பள்ளி நேரத்தில் வீட்டில் டிவி கிடையாது.

இங்கேதான் பல குடும்பங்கள் கைவிடுகின்றன. தொடங்கிய சில நாட்களில் அழுகை கூடும், ஏனென்றால் பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அப்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் சத்தமாக அழுதால் நடக்கும் என்பதையே அவன் கற்றுக்கொள்வான். இதை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லி, அந்த வாரம் போனில் துணை நிற்பவரே திறமையான உளவியலர்.

வளரிளம் பருவத்தினரிடம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நீ பேசுவது என்னோடு இருக்கும், உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ சொல்லியே ஆக வேண்டும் என்பதைப் பெற்றோர் முன்னிலையிலேயே முதல் நாள் தெளிவாக்க வேண்டும். பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம்.

இனி படிப்பு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் உளவியல் இளங்கலை சேரலாம். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. அதற்கு எம்பிபிஎஸ் வேண்டும். மருத்துவ உளவியலராக (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) பணியாற்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு தேவை. இதுவரை அதற்கு எம்.ஃபில் முக்கிய வழியாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் எம்.ஃபிலை நிறுத்தி, மருத்துவ உளவியலுக்கு 2025-26 வரை மட்டும் நீட்டிப்புக் கொடுத்தது. உங்கள் மகள் வருவதற்குள் பாதை மாறியிருக்கும் என்பதால், பழைய சீனியர்களின் வழியை அப்படியே நம்ப வேண்டாம். தொலைதூரக் கல்வியில் உளவியல் பட்டம் என்று யாராவது விளம்பரம் காட்டினால் பணம் கட்டாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யுஜிசி அதை அனுமதிக்கவில்லை.

படித்து முடித்தவர்களுக்கு மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, பள்ளி ஆலோசகர், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் அரசின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் என்று இடங்கள் உண்டு. பயிற்சிக்கு பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட் போன்ற நிறுவனங்களைக் குறி வைக்கலாம். எந்தக் கல்லூரியானாலும் மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் படிப்பின் பெயர், ஒப்புதல் எந்தக் கல்வியாண்டு வரை, எத்தனை இடங்கள் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தேர்வு முடிந்த விடுமுறையில் அவளை ஒரு சிறப்புப் பள்ளிக்குத் தன்னார்வலராக அனுப்புங்கள். பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறாள் என்பதோடு, மாலையில் அழைத்துப்போக வரும் பெற்றோரிடம் பேச அவளுக்கு மனம் வருகிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.